அடக்க விலைக்கும் கீழே விற்றவர்

புது பிசி அசெம்பிள் பண்ணலாம்னு பட்ஜெட் போட்டு உட்கார்ந்தா, எல்லோருக்கும் ஒரு இடத்துல கை அப்படியே நிற்கும். ப்ராசசர் லிஸ்ட். ஐ3, ஐ5, ஐ7, ரைசன் 5, ரைசன் 7. ஒரே தலைமுறை, ஒரே சாக்கெட். சில மாடல்கள் ஒரே டிசைனில் அச்சான சிப்களாகவே இருக்கும். ஒன்றில் கிராஃபிக்ஸ் பகுதியை அணைத்துவிட்டு பெயருக்குப் பின்னால் ஒரு எஃப் போட்டு விலையைக் குறைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் சிலிக்கானின் விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் பெட்டியின் மேல் ஒட்டிய விலை மட்டும் எங்கேயோ இருக்கிறது. இந்த விலையை யார் முடிவு பண்றாங்க? எதை வைத்து?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனால் ஒரு மனிதரிடம் போய் நிற்பீர்கள். உங்கள் எலக்ட்ரானிக்ஸ் பாடப் புத்தகத்தில் அவர் பெயர் ஒரே வரியில் வந்து போயிருக்கும். ராபர்ட் நாய்ஸ். ஐசி-யைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர், இன்டெல்லைத் தொடங்கிய இருவரில் ஒருவர். எக்ஸாமுக்கு அது போதும். ஆனால் அவர் செய்த இன்னொரு வேலை எந்தப் புத்தகத்திலும் யூனிட்டாக வராது. சிப்புக்கு எப்படி விலை வைப்பது என்பதையே மாற்றிப் போட்டார். அவருடைய கூட்டாளி கோர்டன் மூர், நாய்ஸின் பங்களிப்புகளில் யாரும் பெரிதாகப் பேசாத பெரிய விஷயம் இதுதான் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

கூரையிலிருந்து குதித்த பையன்

1927 டிசம்பர் 12 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பர்லிங்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஒரு பாதிரியார். நான்கு ஆண் பிள்ளைகளில் மூன்றாமவர். பெரிய வசதியெல்லாம் இல்லை. கிரின்னெல் என்ற சின்ன ஊரில் வளர்ந்தார். 12 வயதில், 1940 கோடையில், அண்ணனோடு சேர்ந்து ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு கிளைடர் செய்து, ஊர்க் கல்லூரியின் குதிரை லாயக் கூரையிலிருந்து அதோடு குதித்தார். உயிரோடுதான் தரையிறங்கினார்.

அதே கிரின்னெல் கல்லூரியில் இயற்பியலும் கணிதமும் படித்தார். ஹாஸ்டல் விருந்துக்காகப் பக்கத்துப் பண்ணையில் பன்றி திருடி மாட்டிக்கொண்டு ஒரு செமஸ்டர் சஸ்பெண்ட் ஆனார். நம்ம காலேஜ் கதை மாதிரியே இருக்கு, இல்லையா? ஆனால் அங்கேதான் அவருக்கு ஒரு அதிர்ஷ்டமும் அடித்தது. டிரான்சிஸ்டர் பிறந்த கையோடு, அவருடைய பேராசிரியர் கிராண்ட் கேல் பெல் ஆய்வகத்திலிருந்து அதை வரவழைத்து வகுப்பில் காட்டினார். உலகத்தில் பெரும்பாலான பொறியாளர்கள் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு பொருளை அயோவாவின் சின்னக் கல்லூரியில் நாய்ஸ் பார்த்துவிட்டார். 1953-ல் எம்ஐடியில் முனைவர் பட்டம். 1956-ல் கலிபோர்னியாவில் டிரான்சிஸ்டரின் பிதாமகர்களில் ஒருவரான வில்லியம் ஷாக்லியிடம் வேலை. ஷாக்லியோடு வேலை செய்ய முடியாமல் 1957-ல் எட்டுப் பேர் ஒன்றாக வெளியேறி ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள். நாய்ஸ் அந்த எட்டில் ஒருவர்.

ஃபேர்சைல்டின் முதல் ஆர்டர் ஐபிஎம்மிடமிருந்து வந்தது: 100 டிரான்சிஸ்டர், ஒன்று 150 டாலர். ஒரே ஒரு டிரான்சிஸ்டரின் விலை அது! இன்று உங்கள் ஃபோனில் பல நூறு கோடி இருக்கின்றன. அந்த 150 டாலரைக் கொடுக்க அன்றைக்கு ஆள் இருந்தது, ஏனென்றால் வாங்கியது ராணுவ வேலைக்காக. ராணுவத்துக்கு எடையும் நம்பகத்தன்மையும் முக்கியம்; விலை இரண்டாம் பட்சம்.

1964: கணக்குக்கு ஒத்துவராத ஒரு முடிவு

1959-ல் நாய்ஸ் ஐசி-க்கான யோசனையைக் குறிப்பேட்டில் எழுதினார். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் ஜாக் கில்பி அதற்குச் சில மாதங்கள் முன்பே ஐசி செய்து காட்டியிருந்தார். ஆனால் கில்பியின் சிப்பில் பாகங்களை மெல்லிய கம்பிகளால் இணைக்க வேண்டியிருந்தது. சக நண்பர் ஜான் ஹோர்னி உருவாக்கிய பிளேனார் முறையைப் பிடித்துக்கொண்டு, இணைப்புகளையும் சிப்பின் மேலேயே உலோகப் படலமாக அச்சிட்டுவிடலாம் என்றார் நாய்ஸ். அதாவது மொத்தமாக அச்சடிக்கக்கூடிய ஐசி.

பொருள் தயார். வாங்க ஆள் இல்லை. ஆரம்ப வருடங்களில் ஐசி வாங்கியது ஏறக்குறைய எல்லாம் ராணுவமும் விண்வெளித் துறையும்தான். அப்போலோ விண்கலத்தின் கணினி ஃபேர்சைல்ட் ஐசிகளில் ஓடியது. ஆனால் சாதாரண கம்பெனிகளின் பொறியாளர்கள் தொடவே மாட்டேன் என்றார்கள். காரணமும் நியாயமானதுதான். தனித்தனியாக டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர் வாங்கி சால்டர் செய்தாலே ஐசி-யைவிட மலிவாக முடிந்தது. போதாததற்கு, சர்க்யூட் டிசைன் பண்றதுதானே எங்க வேலை, அதையும் நீங்களே சிப்புக்குள்ள போட்டுக் கொடுத்துட்டா நாங்க எதுக்கு என்ற பயம் வேறு.

அப்போது ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரின் தலைமைப் பொறுப்பில் இருந்த நாய்ஸ், 1964-ல் ஒரு முடிவெடுத்தார். கீழ்மட்ட ஃபிளிப்-ஃபிளாப் ஐசிகளின் விலையை இரண்டு கோட்டுக்கும் கீழே இறக்கினார். முதல் கோடு, வாடிக்கையாளர் அதே சர்க்யூட்டைத் தனித்தனிப் பாகமாக வாங்கிச் சேர்த்தால் ஆகும் செலவு. இரண்டாவது கோடு, ஃபேர்சைல்டுக்கு அந்த ஐசி-யைச் செய்ய ஆகும் அடக்க விலை. ஆமாம், ஒவ்வொரு பீஸுக்கும் நஷ்டம்!

பைத்தியக்காரத்தனம் மாதிரி தெரியுதா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. எண்கள் நான் உதாரணத்துக்குச் சொல்வது. ஒரு வேஃபரைச் செய்ய 1,000 ரூபாய் ஆகிறது, அதில் 100 சிப் அச்சாகிறது. ஆரம்பத்தில் 10 மட்டும்தான் ஓடும், மீதி குப்பை. அப்படியென்றால் ஓடுகிற ஒரு சிப்பின் அடக்கம் 100 ரூபாய். பத்தாயிரம் வேஃபர் செய்து கை பழகி, தூசியைக் கட்டுப்படுத்தி, 50 சிப் ஓட ஆரம்பித்தால்? அதே 1,000 ரூபாய் வேஃபர், ஆனால் அடக்கம் 20 ரூபாய். சிப்பின் அடக்க விலை நிலையான எண் இல்லை. நீங்கள் எவ்வளவு செய்து பழகியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. ஆனால் அவ்வளவு செய்ய ஆர்டர் வேண்டும். ஆர்டர் வர விலை குறைய வேண்டும். விலை குறைய அவ்வளவு செய்திருக்க வேண்டும். இந்த வட்டத்தை எங்கேயாவது ஒரு இடத்தில் உடைத்தாகணும். நாய்ஸ் விலை என்ற இடத்தில் உடைத்தார்.

சாதாரண வியாபாரி அடக்கத்தைப் பார்த்து, மேலே லாபத்தை வைத்து, விலையைச் சொல்வார். நாய்ஸ் தலைகீழாகப் போனார். மார்க்கெட் திறக்கிற விலையை முதலில் வை. செலவு அதைத் துரத்திக்கொண்டு கீழே இறங்கி வரும். ஒரு வருடத்துக்குள் மார்க்கெட் பெருத்தது. ஃபேர்சைல்டுக்கு வந்த ஒரே ஒரு ஆர்டரில் மட்டும் 5 லட்சம் ஐசிகள் இருந்தன. கம்பெனி நஷ்டத்தில் மூழ்கவில்லை. செலவு இறங்கியே வந்தது.

இன்டெல்லும் ஒரு தள்ளுபடி பேரமும்

1968-ல் நாய்ஸும் மூரும் ஃபேர்சைல்டை விட்டு வெளியேறி இன்டெல்லைத் தொடங்கினார்கள். முதல் இலக்கு ப்ராசசர் இல்லை, மெமரி. அன்று கணினிகளில் இருந்தது காந்த வளையங்களைக் கம்பியில் கோர்த்த கோர் மெமரி. அதை வீழ்த்த இன்டெல் வைத்த குறியே ஒரு விலைதான்: ஒரு பிட்டுக்கு ஒரு சென்ட். 1970-ல் வந்த 1103 என்ற டைனமிக் ராம் அந்தக் குறியை எட்டியது. கோர் மெமரியின் காலம் முடிய ஆரம்பித்தது.

ப்ராசசர் உள்ளே வந்த கதையிலும் விலைப் பேரம்தான் திருப்புமுனை. 1969-ல் ஜப்பானின் பிசிகாம் என்ற கால்குலேட்டர் கம்பெனி சிப் கேட்டு வந்தது. பல சிப்களுக்குப் பதில், புரோகிராம் பண்ணக்கூடிய ஒரே சிப் போதும் என்று டெட் ஹாஃப் யோசனை சொன்னார். நாய்ஸ் அவரைத் தட்டிக்கொடுத்து மேலே போகச் சொன்னார். ஃபெடரிகோ ஃபாஜின் அதைச் சிப்பாக்கினார். 2,300 டிரான்சிஸ்டர் கொண்ட 4004 பிறந்தது. ஆனால் ஒப்பந்தப்படி அது பிசிகாமுக்கு மட்டுமே சொந்தம்.

1971-ல் கால்குலேட்டர் சந்தையில் போட்டி முற்றியது. விலையைக் குறைச்சுக் கொடுங்க என்று பிசிகாம் வந்து நின்றது. இந்தச் சமயத்தை விடாதீர்கள் என்று உள்ளேயிருந்து பொறியாளர்கள் நாய்ஸிடம் சொன்னார்கள். பேரம் படிந்தது. பிசிகாமுக்கு விலையில் சலுகை. இன்டெல்லுக்கு, கால்குலேட்டர் தவிர மற்ற எதற்கும் அந்தச் சிப்பை விற்கும் உரிமை. ஒரு தள்ளுபடிக்கு ஈடாக மைக்ரோப்ராசசர் என்ற தொழிலே கைக்கு வந்தது. நவம்பரில் 4004 பொதுச் சந்தையில் இறங்கியது.

360 டாலரும் 25 டாலரும்

1974-ல் இன்டெல் 8080-ஐக் கொண்டுவந்தது. ஒன்று வாங்கினால் 360 டாலர். ஐபிஎம்மின் பிரபலமான சிஸ்டம் 360 பெருங்கணினியை நினைவுபடுத்தத்தான் அந்த எண் என்று தொழிலில் ஒரு பேச்சு உண்டு. எப்படியோ, அந்த விலை தன்னை உதிரிப் பாகமாக இல்லாமல் கணினியாகவே அறிவித்துக்கொண்டது.

ஆனால் லிஸ்ட் விலை வேறு, உண்மையில் கைமாறும் விலை வேறு. 1975 ஜனவரியில் மிட்ஸ் என்ற சின்னக் கம்பெனி, ஆல்டேர் 8800 கம்ப்யூட்டர் கிட் முழுவதையும் 397 டாலருக்கு விளம்பரம் செய்தது. உள்ளே 8080! சிப்பின் விலையே 360 என்றால் மீதி 37 டாலருக்கு மொத்தக் கணினியா? இல்லை. மொத்தமாக எடுப்பதாகப் பேசி ஒரு சிப் 75 டாலருக்கு வாங்கியிருந்தார்கள். இன்றும் நீங்கள் பெட்டியில் வாங்கும் ப்ராசசரின் விலையும், லேப்டாப் கம்பெனி லட்சக்கணக்கில் வாங்கும் விலையும் ஒன்றல்ல. அந்தப் பழக்கம் இவ்வளவு பழையது.

நாய்ஸின் பழைய தந்திரத்தை அதே வருடம் வேறொருவர் எடுத்துக்கொண்டார். மோட்டரோலாவில் மலிவு ப்ராசசர் வேண்டாம் என்று தடுக்கப்பட்ட சக் பெடில், மாஸ் டெக்னாலஜிக்குப் போய் 6502-ஐச் செய்தார். செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் அதன் விலை 25 டாலர்! மோட்டரோலா தன் 6800-ஐ 69 டாலருக்கு இறக்க வேண்டிவந்தது. ஆப்பிள் 2, கொமடோர் பெட், அடாரி என்று வீட்டுக் கணினிகளின் முதல் அலை 6502 மேல்தான் ஏறியது. அந்த அலையில் இன்டெல் பின்தங்கியது. ஆக, மலிவு விலை எந்த ஒருவருக்கும் பட்டா போட்ட சொத்து இல்லை.

அதன்பின் இன்டெல் வேறு பாடம் கற்றது. 1975-லேயே நாய்ஸ் தலைமை நிர்வாகி பொறுப்பை மூரிடம் கொடுத்துவிட்டு சேர்மன் ஆகியிருந்தார். 1979 முடிவில் மோட்டரோலா 68000 தொழில்நுட்பத்தில் முந்தியபோது, இன்டெல் சிப்பை மட்டும் காட்டாமல் துணைச் சிப்கள், மென்பொருள் கருவிகள், பயிற்சி எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் காட்டி ஊர் ஊராக விற்றது. ஆபரேஷன் க்ரஷ் என்று அதற்குப் பெயர். அப்படிக் கிடைத்த ஒப்பந்தங்களில் ஒன்று ஐபிஎம் பிசி. 1981 ஆகஸ்டில் வந்த அந்தப் பிசியில் இருந்தது 8086 இல்லை, 8088. உள்ளே 16 பிட், வெளியே 8 பிட் பஸ். அதாவது வேண்டுமென்றே கொஞ்சம் மட்டுப்படுத்திய மாடல். சுற்றி வைக்கும் சிப்கள் மலிவாக முடியும் என்பது அதன் பலம். இன்று நாம் லோ-எண்ட் என்று ஒதுக்கும் வகையைச் சேர்ந்த சிப்தான் உலகத்தின் டெஸ்க்டாப் பாதையை முடிவு செய்தது.

ஆயுதம் திரும்பியது

இப்போது கதையின் கஷ்டமான பகுதிக்கு வாங்க.

1980-களின் தொடக்கத்தில் ஜப்பானியக் கம்பெனிகள் மெமரி சிப் சந்தையில் வேகமாக ஏறின. தரத்தில் அவர்கள் சும்மா இல்லை. 1980-ல் எச்பி வெளியிட்ட சோதனை முடிவில், ஜப்பானிய ராம் சிப்கள் அமெரிக்கச் சிப்களைவிட மிகக் குறைவாகவே பழுதாகின. அதோடு விலை. 1985-ல் ஹிட்டாச்சியின் அமெரிக்க விற்பனைப் பிரிவிலிருந்து வெளியே கசிந்த ஒரு குறிப்பில், இன்டெல்லும் ஏஎம்டியும் விற்கும் இடங்களைத் தேடிப்பிடித்து 10 சதவீதம் குறைத்துச் சொல்லுங்கள், அவர்கள் இறங்கினால் நீங்கள் இன்னும் 10 சதவீதம் இறங்குங்கள், ஜெயிக்கும் வரை விடாதீர்கள் என்ற அர்த்தத்தில் விற்பனையாளர்களுக்கு உத்தரவு இருந்தது. ராம் விலை சரிந்தது. 1985-ல் இன்டெல் டைனமிக் ராம் தொழிலை விட்டே வெளியேறியது. 1986-ல் 17 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது.

நாய்ஸ் அப்போது வாஷிங்டனுக்கும் கலிபோர்னியாவுக்கும் அலைந்துகொண்டிருந்தார். 1977-ல் அவரும் சேர்ந்து தொடங்கிய அமெரிக்க செமிகண்டக்டர் சங்கத்தின் முகமே அவர்தான். அடக்க விலைக்கும் கீழே விற்பது நியாயமில்லை, இதைத் தடுங்கள் என்று அரசிடம் வாதாடினார். யார் வாதாடியது என்று கவனிச்சீங்களா? 1964-ல் அதையேதான் செய்து ஒரு தொழிலைத் திறந்துவிட்டவர்!

இதை இரட்டை வேடம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். வித்தியாசமும் இல்லாமல் இல்லை. 1964-ல் ஐசி-க்குச் சந்தையே கிடையாது. விலைக் குறைப்பு இல்லாத சந்தையை உருவாக்கியது. 1985-ல் சந்தை ஏற்கெனவே இருந்தது. விலைக் குறைப்பு அதில் இருப்பவர்களை வெளியே தள்ளியது. ஆனால் தள்ளப்படுகிறவன் கண்ணுக்குத்தான் இந்த வித்தியாசம் தெரியும். 1964-ல் தனி டிரான்சிஸ்டரும் ரெசிஸ்டரும் விற்று வாழ்ந்தவர்களிடம் கேட்டிருந்தால், அவர்களும் நாய்ஸைப் பற்றி இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

1986-ல் அமெரிக்காவும் ஜப்பானும் ஒப்பந்தம் போட்டன. ஜப்பானியச் சிப்களுக்கு அடக்கத்தை ஒட்டிக் குறைந்தபட்ச விலை வந்தது. ராம் விலை ஏறியது. 1988-ல் தட்டுப்பாடு வந்து, பிசி செய்யும் அமெரிக்கக் கம்பெனிகளே திண்டாடின. அந்த விலை கடைசியில் பிசி வாங்கியவர்களின் பில்லில்தான் வந்து விழுந்தது. அதே வருடம் 60 வயதில் நாய்ஸ், 14 அமெரிக்கக் கம்பெனிகள் அரசோடு சேர்ந்து நடத்திய செமாடெக் கூட்டமைப்பின் தலைவராக ஆஸ்டினுக்குக் குடிபோனார். வேலை என்ன தெரியுமா? உற்பத்தி முறைகளை மேம்படுத்துவது. ஓடும் சிப்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது, அடக்கத்தை இறக்குவது. 1964-ல் விலையைச் சொல்லிவிட்டுச் செலவைத் துரத்தவிட்டவர், கடைசியில் அந்தச் செலவின் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தார்.

1990 ஜூன் 3, ஞாயிற்றுக்கிழமை காலை நீந்திவிட்டு வந்தவருக்கு மாரடைப்பு. 62 வயது. பத்து வருடம் கழித்து 2000-ல் ஐசி-க்காக ஜாக் கில்பிக்கு நோபல் பரிசு கிடைத்தது. நோபல் இறந்தவர்களுக்குத் தருவதில்லை.

அவருக்குப் பின்

நாய்ஸ் இறப்பதற்குச் சில வருடம் முன்பே, ஆண்டி க்ரோவ் கையில் இருந்த இன்டெல் விலைப் போரிலிருந்து தப்பிக்க வேறு வழி கண்டிருந்தது. 1985-ல் வந்த 386 சிப்பைச் செய்யும் உரிமையை, முந்தைய சிப்கள் போல ஏஎம்டி போன்ற மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. ஒரே கடை, ஒரே விலை. ராம் சிப்பை யாரும் யாருக்குப் பதிலாகவும் விற்கலாம். 386 வேண்டுமென்றால் இன்டெல்லிடம்தான் வரணும்.

ஒரே கடைக்காரர் ஆனதும் தட்டுகளைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். 1991-ல் வந்த 486எஸ்எக்ஸ், 486-தான். தசமக் கணக்குப் போடும் பகுதி மட்டும் அணைக்கப்பட்டிருந்தது. விலை குறைவு. பிறகு அந்தப் பகுதி வேணும்னு தோணினால் 487எஸ்எக்ஸ் என்று ஒன்று வாங்கிச் செருகலாம். அது உண்மையில் முழு 486. செருகியதும் பழைய சிப்பை ஓரமாக உட்காரவைத்துவிட்டு எல்லா வேலையையும் அதுவே செய்யும்! 1998-ல் செலரான் வந்தது. அதில் 300ஏ மாடலை மாணவர்கள் 450 மெகாஹெர்ட்ஸுக்கு ஓட்டி, விலை உயர்ந்த பென்டியம் 2-வோடு மோதவிட்டார்கள். தட்டுகளுக்கு நடுவே இருக்கும் சுவர் எவ்வளவு மெல்லியது என்று ஊருக்கே தெரிந்தது.

2017-ல் ஏஎம்டி, 8 கோர் ரைசன் 7 1800எக்ஸ்-ஐ 499 டாலருக்கு இறக்கியபோது, இன்டெல்லின் 8 கோர் சிப் ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தது. அடுத்த சில மாதங்களில், பல வருடமாக 4 கோரிலேயே நின்றிருந்த சாதாரண ஐ7 திடீரென்று 6 கோர் ஆனது. சிலிக்கானின் விஞ்ஞானம் அந்தச் சில மாதத்தில் மாறிவிடவில்லை. பக்கத்துக் கடையில் விலை மாறியது, அவ்வளவுதான்.

அதனால் அடுத்த முறை ப்ராசசர் லிஸ்ட் முன்னால் உட்காரும்போது, இந்தச் சிப்பின் மதிப்பு இவ்வளவா என்று மட்டும் கேட்காதீங்க. இந்த விலையை வைத்தவர் யாரை உள்ளே அழைக்கிறார், யாரை வெளியே தள்ளப் பார்க்கிறார், எந்தத் தட்டுக்கு என்னை ஏற்றிவிடப் பார்க்கிறார் என்றும் கேளுங்க. நாளைக்கு நீங்களே ஒரு ப்ராடக்ட் செய்து விலை எழுதும் இடத்தில் உட்கார்ந்தால், நாய்ஸின் 1964 முடிவை எடுத்துப் பாருங்க. கூடவே 1985-ஐயும் மறக்காம எடுத்துப் பாருங்க.